கண்ட்ரி இசையில் ஒரே ஒரு தொகுப்பு என்றால், பேட்ஸி கிளைன்

அமெரிக்கக் கிராமப்புறத்தில் பிறந்த கண்ட்ரி இசையை இதுவரை கேட்டதே இல்லை, ஒரே ஒரு தொகுப்பில் தொடங்க வேண்டுமென்றால் எதைக் கேட்கலாம், 'சிறந்த பாடல்கள்' என்று தொகுத்து விற்பவற்றை நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

எனக்கு இதில் தயக்கமே இல்லை. பாடகி பேட்ஸி கிளைனின் பாடல்களைத் தொகுத்து, 1967-இல் டெக்கா இசைத்தட்டு நிறுவனம் வெளியிட்ட 'பேட்ஸி கிளைன்ஸ் கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்' தொகுப்பைக் கேளுங்கள். பன்னிரண்டே பாடல்கள், முழுவதும் கேட்க அரை மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலாக ஆகும். பல ஆண்டுகளாகக் கேட்டுவருகிறேன், இன்னும் அலுக்கவில்லை.

தொகுப்பு என்றாலே முகம் சுளிப்பவர்கள் உண்டு. பாடகர் நினைத்து உருவாக்கிய முழு ஆல்பத்தைக் கேட்காமல் பொறுக்கி எடுத்ததைக் கேட்பது சரியா என்பார்கள். பேட்ஸி விஷயத்தில் அந்தக் கேள்வி பொருந்தாது. அவர் காலத்தில் கண்ட்ரி பாடல்கள் பக்கத்துக்கு ஒரு பாட்டு வீதம் சின்ன இசைத்தட்டுகளாகத்தான் மக்களிடம் போய்ச் சேர்ந்தன. வானொலியிலும், காசு போட்டால் பாடும் ஜூக்பாக்ஸ் பெட்டியிலும் ஒலித்தவை அவைதாம். அவர் உயிரோடு இருந்தபோது வெளிவந்த நீள இசைத்தட்டுகள் மூன்றுதான். ஒவ்வொரு பாட்டையும் தனித்தனியாக நின்று வெல்ல வேண்டியதாகவே பாடினார். அப்படி வென்றவற்றை ஒன்றாகச் சேர்த்துக் கேட்பதுதான் அவரைக் கேட்கும் முறை என்று நான் நம்புகிறேன்.

வர்ஜீனியா மாநிலத்தின் வின்செஸ்டரைச் சேர்ந்தவர், பிறந்தது 1932-இல். பாதியில் பள்ளியை விட்டு, மருந்துக்கடையில் சோடா எடுத்துக் கொடுக்கும் வேலை பார்த்தவர். மேடை உடைகளை அம்மாவே தைத்துக் கொடுத்தார். முதலில் வேறொரு நிறுவனத்தோடு செய்துகொண்ட ஒப்பந்தம் அவரைப் பல ஆண்டுகள் கட்டிப்போட்டது: அந்த நிறுவனத்துக்கு உரிமையான பாடல்களை மட்டுமே பதிவுசெய்ய முடியும். அத்தனை ஆண்டுகளில் தேறியது 1957-இன் 'வாக்கின் ஆஃப்டர் மிட்நைட்' ஒன்றுதான். இந்தத் தொகுப்பில் இருப்பது அதை 1961-இல் மறுபடி பாடிய வடிவம்.

ஒப்பந்தம் முடிந்து, 1960 நவம்பரில் 'ஐ ஃபால் டு பீசஸ்' பதிவாகிறது. 1963 பிப்ரவரியில் 'ஸ்வீட் ட்ரீம்ஸ்'. இந்தப் பன்னிரண்டு பதிவுகளும் இந்த இடைவெளிக்குள் அடங்கிவிடுகின்றன. முழுசாக இரண்டரை ஆண்டுகூட இல்லை!

அத்தனைக்கும் தயாரிப்பாளர் ஓவன் பிராட்லி. நாஷ்வில்லில் ஒரு வீட்டை ஒட்டி, ராணுவம் பயன்படுத்தும் அரைவட்டத் தகரக் கொட்டகை ஒன்றை நிறுத்தி அதை ஒலிப்பதிவுக்கூடமாக்கியவர். கிராமத்து ஃபிடிலைப் பின்னுக்குத் தள்ளி, வயலின் வரிசையையும் ஜோர்டனேர்ஸ் குழுவின் கூட்டுக்குரலையும் பேட்ஸிக்குப் பின்னால் மெத்தைபோல விரித்தார். கண்ட்ரியின் மண்வாசனை போய்விட்டது என்று குறைசொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. மண்வாசனை அந்தக் குரலிலேயே இருக்கிறது, சுற்றி எதை வைத்தாலும் அது போகாது.

'கிரேஸி'யை எடுத்துக்கொள்ளுங்கள். எழுதியவர் வில்லி நெல்சன், அப்போது பெயர் தெரியாத ஆள். 1961 ஜூனில் பேட்ஸி பெரிய கார் விபத்தில் சிக்கினார். கண்ணாடியை உடைத்துக்கொண்டு வெளியே வீசப்பட்டு, நெற்றியில் ஆழமான வெட்டு. ஆகஸ்டில் ஊன்றுகோலோடு கூடத்துக்கு வந்தார். விலா வலியில் மேல் ஸ்தாயிக்கு மூச்சு எட்டவில்லை. வாத்தியங்களை மட்டும் பதிந்துவைத்துக்கொண்டார்கள். பிறகொரு நாள் வந்து, பதிந்திருந்த இசையின் மேல் பாடிக் கொடுத்தார். ஃப்ளாய்ட் கிராமரின் பியானோ ஒவ்வொரு வரிக்கும் மெல்லப் பதில் சொல்கிறது, அவரோ அவசரமே இல்லாமல் தாளத்துக்குச் சற்றுப் பின்னால் நடக்கிறார். தாளம் தப்பிவிடும் என்று நமக்குத்தான் பதைக்கும். அவர் சரியான இடத்தில் வந்து சேர்ந்துவிடுவார்.

'ஷீஸ் காட் யூ' வேறு வகை. ஹாங்க் காக்ரன் எழுதியது. அவன் கொடுத்த புகைப்படம், இசைத்தட்டுகள், மோதிரம் எல்லாம் இவளிடம் இருக்கின்றன, அவன் மட்டும் இன்னொருத்தியிடம். அழுது தீர்க்க எல்லா வாய்ப்பும் உள்ள பாட்டு. அவர் அழவில்லை. வீட்டுச் சாமான்களை எண்ணிப் பார்ப்பவளைப் போலப் பாடிக்கொண்டு போகிறார், கேட்பவர்களுக்குத் தொண்டை அடைக்கிறது.

எல்லாப் பாட்டும் ஒரே உயரத்தில் இல்லை. 'பேக் இன் பேபீஸ் ஆர்ம்ஸ்' எனக்குச் சாதாரணமாகத்தான் படுகிறது. அதோடு நிறுத்திவிடாதீர்கள், அடுத்து வருவது 'ஷீஸ் காட் யூ'.

1963 மார்ச் 5 அன்று, கேன்சஸ் சிட்டியில் ஓர் உதவிநிதிக் கச்சேரி முடித்துத் திரும்பும் வழியில் டென்னசியின் கேம்டன் அருகே சிறிய விமானம் விழுந்து இறந்தார். வயது 30. இந்தத் தொகுப்பு வந்தது நான்கு ஆண்டுகள் கழித்து. அதன் பின்பு பல பத்தாண்டுகள் விற்றுக்கொண்டே இருந்து, 2005-இல் அமெரிக்காவில் ஒரு கோடிப் பிரதிகளுக்கான வைரச் சான்றிதழ் பெற்றது.

முதல் முறை கேட்கும்போது வேறு வேலை எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். முடிந்தால் இரவில், ஹெட்ஃபோனில். ஒன்பதாவது பாட்டு 'ஃபேடட் லவ்', இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன் பாடியது. அதன் கடைசிச் சொல்லுக்கு முன் ஒரு நொடி நிறுத்துவார். அங்கே அவர் மூச்சை இழுப்பது தெளிவாகக் கேட்கும். பிராட்லி அதை வெட்டி எறியாமல் அப்படியே விட்டுவைத்தார்.