வளைந்த கெக்கரி, முண்டு விழுந்த பப்பாசி, 14 கிலோ பூசணி: சாப்பிடலாமா, விதைக்கலாமா?

மட்டக்களப்பு படுவான்கரையிலிருந்து ஒரு தோட்டக்காரர் கேட்டிருக்கிறார். வயலோரமாகக் கால் ஏக்கரில் கெக்கரியும் பாவலும் போட்டிருக்கிறார். "ஐயா, பாதிக் காய் வளைந்தும் ஒரு பக்கம் சூம்பியும் வருகிறது. வளவில் நிற்கிற பப்பாசி முண்டு முண்டாகக் காய்க்கிறது. எருக்குழிப் பக்கம் தானாக முளைத்த பூசணியில் ஒரே ஒரு காய், அது 14 கிலோ. கோணல் காயை வியாபாரி தொடமாட்டேன் என்கிறார். பூசணியைப் பார்த்தவர்கள் ஏதோ மருந்து போட்டிருப்பாய் என்கிறார்கள். இதையெல்லாம் சாப்பிடலாமா? விதை எடுக்கலாமா?"

சாப்பிடலாம், இரண்டு சந்தர்ப்பங்களைத் தவிர. அவை இரண்டும் முக்கியம் என்பதால் கடைசிவரை வாசியுங்கள்.

முதலில் கெக்கரி. சூம்பிய காய் ஒன்றை நீளவாக்கில் பிளந்து பாருங்கள். பருத்த பக்கத்தில் விதை நிறைந்திருக்கும். சூம்பிய பக்கத்தில் விதை இருக்காது, அல்லது தாள் போலச் சப்பையாய் இருக்கும். வளர்கிற விதை ஒக்சின் என்ற ஓமோனைச் சுரக்கிறது. அந்த ஓமோன் போகிற இடத்தில் சதை பிடிக்கிறது. விதை பிடிக்காத பக்கம் பின்தங்கிவிட, காய் அந்தப் பக்கமாக வளைகிறது. ஒரு கெக்கரிப் பூ ஒரு நாள்தான் விரிந்திருக்கும். அதற்குள் எட்டுப் பத்துத் தடவையாவது தேனீ வந்து போனால்தான் காய் நேராக வரும். மழை நாளில் தேனீ வராது. காலையில் பூச்சி மருந்து அடித்தாலும் வராது, வந்ததும் செத்துப்போகும். மருந்து அடித்தே ஆகவேண்டுமென்றால் பூக்கள் மூடிய பிறகு, பின்னேரத்தில் அடியுங்கள். தேனீயே காணோம் என்றால் காலை ஏழு மணிக்கு முன்பின்னாக ஆண் பூவைப் பறித்து, இதழை உரித்துவிட்டு, பெண் பூவின் நடுவில் மெல்லத் தடவிவிடுங்கள். பிஞ்சோடு இருப்பது பெண் பூ.

பாவலில் வேறொரு காரணமும் உண்டு. வளைவின் உட்பக்கத்தில் ஊசி குத்தியது போல ஒரு புள்ளியும் அதில் பிசின் துளியும் தெரிந்தால் அது பழ ஈ. உள்ளே புழு இருக்கும். பிஞ்சாக இருக்கும்போதே கடதாசி உறை மாட்டிவிடுவதுதான் எனக்குத் தெரிந்த நல்ல வழி. குத்து விழுந்த காயை எருக்குழியில் போடாதீர்கள், புழு மண்ணுக்குள் போய்க் கூடாகிவிடும். பொலித்தீன் பையில் கட்டி நல்ல வெயிலில் வையுங்கள்.

இப்போது நான் கவலைப்படுகிற விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் தோட்டம் வயலோரம் என்கிறீர்கள். கோரைக்கும் அகன்ற இலைக் களைக்கும் வயலில் அடிக்கிற எம்.சி.பி.ஏ. களைநாசினி, நான் மேலே சொன்ன ஒக்சினைப் போலவே செடிக்குள் வேலை செய்கிறது. காற்றோடு கொஞ்சம் வந்து விழுந்தாலே போதும், கொடி குழம்பிவிடும். கொழுந்து இலை ஒடுங்கி, நரம்பெல்லாம் நெருங்கி விசிறி போல நிற்கும். தண்டு முறுக்கிக்கொள்ளும். காயும் கோணும். வயலுக்குப் பக்கத்து வரிசையில் இது அதிகமாகவும், தள்ளிப் போகப் போகக் குறைவாகவும் இருந்தால் சந்தேகமே வேண்டாம். தோட்டம் முழுக்க ஒரே அளவில் இருந்தால், களைநாசினி அடித்த அதே தாங்கியில் பூச்சி மருந்து கலந்து அடித்தீர்களா என்று யோசித்துப் பாருங்கள். ஒருமுறை கழுவினால் அது போகாது. களைநாசினிக்குத் தனித் தாங்கி வைப்பதுதான் பாதுகாப்பு. இந்த அடையாளங்கள் உள்ள கொடியின் காயைச் சாப்பிடவும் வேண்டாம், விற்கவும் வேண்டாம். நெல்லுக்கான மருந்து அது. கெக்கரியில் விழுந்தால் எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்று அதன் லேபலில் கணக்கு இருக்காது. பக்கத்து வயற்காரரோடு சண்டை வேண்டாம். கச்சான் காற்று எழும்புவதற்கு முன், விடியற்காலையில் அடிக்கச் சொல்லிப் பேசுங்கள்.

பப்பாசிக்கு: தோலில் வெள்ளைப் பால் வழிந்து காய்ந்திருக்கிறதா? அப்படியானால் மண்ணில் போரோன் என்ற நுண்சத்து குறைவு. நம் கரையோர மணலில் இது சாதாரணம், மழை அதைக் கழுவிக்கொண்டு போய்விடுகிறது. கூட்டெரு கொடுங்கள். போரோன் உள்ள போராக்ஸ் உப்பை இடுவதானால் விவசாயப் போதனாசிரியரிடம் அளவு கேட்டே இடுங்கள், கொஞ்சம் கூடினாலும் மரத்துக்கு நஞ்சு. பால் வழியாமல், காய் மட்டும் பல காய்கள் ஒட்டியது போலப் பள்ளமும் மேடுமாக இருந்தால் அது இருபால் மரத்தின் குணம். பூவிலுள்ள மகரந்தத் தாள்கள் சூலகத்தோடு ஒட்டிச் சதையாகிவிடுகின்றன. குளிரும் ஈரமும் கூடிய நாட்களில் இது அதிகம், பிறகு தானாகச் சரியாகும். தோலில் வளைய வளையமாகக் கோடும் இலையில் தேமலும் தெரிந்தால் மட்டும் வைரசு. பழத்தைத் தின்னலாம், ஆனால் மரத்தைப் பிடுங்கிவிடுங்கள்.

பூசணிக்கு நீங்கள் மருந்து போடவில்லை என்று நான் நம்புகிறேன். எருக்குழியில் வேர் இறங்கி, கொடியில் ஒரே காய் நின்றால் 14 கிலோ பெரிய விஷயமில்லை. 2023-ல் கலிபோர்னியாவில் உலக சாதனை படைத்த பூசணி 1,247 கிலோ. அது வேறு இனம்தான், ஆனால் அங்கேயும் மற்றப் பிஞ்சுகளைக் கிள்ளிவிட்டு ஒன்றை மட்டும் விடுவதே வழக்கம். காம்பு காய்ந்து, தோலில் நகம் இறங்காத பிறகு காம்போடு வெட்டுங்கள்.

கோணல் காய் விலைபோகாதது நம்மூரில் மட்டுமல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தில் முதல்தரக் கெக்கரி 10 சென்ரிமீற்றருக்கு 10 மில்லிமீற்றருக்கு மேல் வளையக்கூடாது என்று சட்டமே இருந்தது, 2009-ல்தான் எடுத்தார்கள். நேரானதை வியாபாரிக்குக் கொடுங்கள். புழு இல்லாத கோணல் பாவலை வட்டமாய் அரிந்து, உப்பிட்டுக் காயவைத்து வற்றலாக்குங்கள். வற்றலில் யாரும் வளைவு பார்ப்பதில்லை.

கடைசியாக விதை. மகரந்தம் போதாமலோ ஈ குத்தியோ கோணிய காயின் விதை கோணலைக் கொண்டுபோகாது. முற்றிய, கனமான விதையாகப் பார்த்து எடுங்கள். கலப்பின விதை போட்டிருந்தால் எடுக்கவேண்டாம், தாயைப் போல வராது. தானாக முளைத்த பூசணி போன வருடமே வேறெதனோடும் கலந்திருக்கலாம். அதனால் சமைக்கும் முன் பச்சையாக ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். பூசணி, சுரை, கெக்கரி எதுவானாலும் கசந்தால் துப்பிவிட்டு முழுக்காயையும் எறியுங்கள். பாவலின் கசப்பு வேறு, இது வேறு. இது குக்குர்பிற்றசின் என்ற நஞ்சு, சமைத்தாலும் போகாது. வாந்தியும் வயிற்றோட்டமும் கடுமையாக வரும். அந்தக் காயின் விதையையும் வைக்காதீர்கள்.