ரத்தான வொண்டர் வுமன் கேம் வெளிவந்திருந்தால் ஜெயித்திருக்குமா?

கேள்வி: மோனோலித் ஸ்டுடியோ உருவாக்கி வந்த வொண்டர் வுமன் வீடியோ கேமை 2025இல் ரத்து செய்துவிட்டார்கள். அது வெளிவந்திருந்தால் நன்றாக இருந்திருக்குமா? இல்லை, ரத்து செய்ததுதான் சரியா?

நன்றாக இருந்திருக்கும் என்றே நம்புகிறேன். அந்தக் கதாபாத்திரத்துக்கும் மோனோலித் கையில் இருந்த நெமசிஸ் சிஸ்டத்துக்கும் அப்படி ஒரு பொருத்தம். சூப்பர்ஹீரோ கேம்களில் இவ்வளவு பொருந்திப்போன வேறு ஜோடியை நான் பார்த்ததில்லை. ஆனால் ரத்து செய்யப்பட்டபோது அவர்கள் கையில் இருந்தது அந்த கேம்தானா என்பது தனிக் கேள்வி. அதைப் பிறகு பார்க்கிறேன்.

நெமசிஸ் சிஸ்டம் தெரியாதவர்களுக்கு முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். 2014இல் வந்த ‘ஷேடோ ஆஃப் மோர்டோர்’ கேமில்தான் மோனோலித் அதை அறிமுகப்படுத்தியது. வழக்கமான கேம்களில் நம்மைக் கொன்ற எதிரி, நாம் மறுபடி வரும்போது எதுவுமே நடக்காதது போல அதே இடத்தில் நின்றுகொண்டிருப்பான். இதில் பெயரே இல்லாத ஒரு சாதாரண ஓர்க் (‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ உலகத்து அரக்க வீரன்) நம்மைக் கொன்றால் அவனுக்குப் பதவி உயர்வு. கேப்டன் ஆகிவிடுவான். பெயரும் பட்டமும் கவசமும் வந்துவிடும். அடுத்த முறை எதிரே வந்தால் “உன்னைத்தான் கொன்றுவிட்டேனே!” என்று நின்று பேசுவான். நாம் பாதிச் சண்டையில் ஓடியிருந்தால் அதைச் சொல்லிக் கேலி செய்வான். நெருப்பில் எரிந்து செத்தான் என்று நினைத்தவன் வெந்த முகத்தோடு திரும்பி வருவான்.

நான் அதை விளையாடியது வெளிவந்து இரண்டு வருடம் கழித்து, தள்ளுபடியில் வாங்கி. முதல் வாரத்திலேயே ஒரு வில்லாளி ஓர்க்கிடம் மாட்டிக்கொண்டேன். வேறு ஒரு கேப்டனோடு நான் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போது ஓரத்தில் நின்று அம்பு விட்டே கொன்றுவிட்டான். இரண்டாவது முறையும் அப்படியே. நான்காவது முறை கதையை அப்படியே விட்டுவிட்டு அவனைத் தேடி மட்டும் ஒரு முழு மாலை அலைந்தேன். கதையின் பெரிய வில்லன் பெயர் இன்று யோசித்துத்தான் வருகிறது. அந்த வில்லாளியின் முகமும் ஒரு பக்கம் உடைந்த பல்லும் அப்படியே கண்ணில் நிற்கின்றன. இத்தனைக்கும் அவனை யாரும் உட்கார்ந்து எழுதவில்லை. என் கேமில் மட்டும் பிறந்தவன் அவன்.

இந்த யோசனை பிறந்த கதையும் சுவையானது. அப்போது மோனோலித்தின் உரிமையாளரான வார்னர் நிறுவனத்தில் பொறுப்பில் இருந்த லாரா ஃப்ரையர் பின்னாளில் சொன்னது இது. பேட்மேன் ஆர்க்கம் அசைலம் கேமை வாங்கியவர்கள் முடித்ததும் டிஸ்க்கைக் கடையில் விற்றுவிட்டார்களாம். வாங்கியவர் டிஸ்க்கை விற்க மனம் வராதபடி ஒரு கேம் வேண்டும் என்று தேடியதில் வந்ததுதான் நெமசிஸ். கணக்கு வியாபாரம்தான். ஆனால் கடைசியில் பிறந்தது ஒவ்வொருவருக்கும் சொந்தமான ஒரு கதை.

அடுத்து 2017இல் ‘ஷேடோ ஆஃப் வார்’ வந்தது. இதில் தோற்ற கேப்டனை அடிமைப்படுத்தி நம் படையில் சேர்க்கலாம். கையை அவன் முகத்தில் வைத்துச் சூடு போடுவது போல ஒரு முத்திரை. வேண்டாமென்றால் அவமானப்படுத்தி அனுப்பலாம். அவனுடைய பலம் குறைந்துவிடும். ஒரு கேப்டனை நான் திரும்பத் திரும்ப அப்படி அனுப்பினேன், அவன் பலம் என் அளவுக்கு இறங்கட்டும் என்று. கடைசியில் வந்தபோது அவனுக்குப் புத்தி பேதலித்துப் போயிருந்தது. ஒரே சொல்லைத் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டு நின்றான். ஓர்க்தான், கம்ப்யூட்டருக்குள் இருக்கும் பொம்மைதான். ஆனாலும் அன்று கேமை மூடி வைத்துவிட்டேன். எதிரியின் மனதுக்குள் நுழைய ஒரு வழி கண்டுபிடித்துவிட்டு, அதை வைத்து அவனை உடைக்க மட்டும்தானா சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று தோன்றியது.

அதனால்தான் 2021 டிசம்பரில் கேம் அவார்ட்ஸ் மேடையில் வொண்டர் வுமன் டீசர் ஓடியபோது எனக்கு அத்தனை சந்தோஷம். டீசரில் விளையாட்டுக் காட்சி ஒன்றும் இல்லை. ஆனால் கூட வந்த அறிவிப்பில் இருந்தது முக்கியமானது. நெமசிஸ் சிஸ்டம் இதில் உண்டு, எதிரிகளோடு மட்டுமல்ல, கூட்டாளிகளோடும் ஆழமான உறவு உருவாகும், அமேசான் என்ற வீரப் பெண்கள் இனமான தன் குடும்பத்தையும் நவீன உலக மனிதர்களையும் டயானா, அதாவது வொண்டர் வுமன், ஒன்றுசேர்க்க வேண்டும் என்றார்கள்.

வொண்டர் வுமனை உருவாக்கிய வில்லியம் மௌல்டன் மார்ஸ்டன் ஓர் உளவியல் அறிஞர். பொய் சொல்லும்போது ரத்த அழுத்தம் எப்படி மாறுகிறது என்று ஆராய்ந்தவர். பிற்காலப் பொய் கண்டறியும் கருவிக்கு அந்த ஆராய்ச்சியும் ஒரு வேர். அவர் 1941இல் எழுத ஆரம்பித்த கதைகளில் எதிரிகளை அடித்துச் சிறையில் போடுவதோடு விஷயம் முடியாது. அவர்களைத் திருத்துவதற்கென்றே அமேசான்களிடம் ஒரு தீவு இருந்தது. பவுலா வான் குந்தர் என்ற நாஜி உளவாளி தொடக்கத்தில் டயானாவின் கொடிய எதிரி. தன் மகளை நாஜிகளிடமிருந்து டயானா மீட்டுத் தந்த பிறகு அவளே அமேசான்களின் விஞ்ஞானியாகி டயானாவுக்குத் தோழியாகிவிடுகிறாள். டயானா ஆயுதமாக வைத்திருக்கும் தங்கக் கயிறுகூட ஆரம்பத்தில் கட்டப்பட்டவரைக் கீழ்ப்படிய வைக்கத்தான் பயன்பட்டது. உண்மை பேச வைப்பது பிறகுதான் அதன் அடையாளம் ஆனது.

இப்போது இதையும் நெமசிஸையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மோர்டோர் கேம்களில் தலை துண்டாகும்படி கொன்ற ஓர்க்குகூடச் சில சமயம் தையல் போட்டுக்கொண்டு திரும்பி வருவான். விளையாட்டுக்காக அதை நாம் ஏற்றுக்கொண்டோம். முடிந்தவரை கொல்லாமல் விடும் டயானாவின் கதையில் எதிரி திரும்பி வருவதற்குச் சாக்கே தேவையில்லை. உயிரோடு விட்டாள், வந்திருக்கிறான், அவ்வளவுதான். முகத்தில் சூடு போடும் முத்திரைக்குப் பதில் கயிறு. கட்டினால் அவன் ஏன் சண்டைக்கு வந்தான் என்ற உண்மை வெளியே வரும். கடனா, பயமா, தம்பியைப் பணயமாகப் பிடித்து வைத்திருக்கிறார்களா? அதைத் தெரிந்துகொண்ட பிறகு அவனை என்ன செய்வது என்பது நம் கையில். அவன் தம்பியை மீட்டுக் கொடுத்தால் அடுத்த மோதலில் அவனே நம் பக்கம் நின்று ஒரு அடியைத் தடுப்பான். கண்டுகொள்ளாமல் விட்டால் இன்னும் கசப்போடு வருவான். ஷேடோ ஆஃப் வாரிலேயே நம் படை ஓர்க் கடைசி நொடியில் பாய்ந்து வந்து காப்பாற்றுவதும் உண்டு, துரோகம் செய்வதும் உண்டு. அடித்தளம் தயாராகவே இருந்தது.

இப்படித்தான் செய்திருப்பார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. இது நான் மனதுக்குள் விளையாடிய கேம். ஆனால் அந்த அறிவிப்பைப் படித்த எத்தனையோ பேர் இதையேதான் கற்பனை செய்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

சிக்கல்கள் இல்லையா என்றால், இருந்தன. ஓர்க்குகளை வைத்து நெமசிஸ் செய்வது ஒப்பீட்டளவில் எளிது. பல் ஒரு மாதிரி, கவசம் ஒரு மாதிரி, குரல் ஒரு மாதிரி என்று மாற்றி மாற்றிச் சேர்த்தால் ஒரு புது ஆள் கிடைத்துவிடுவான். கோரமாக இருந்தாலும் பொருந்தும், ஒரே வசனத்தைக் கத்தினாலும் சிரித்துக்கொள்வோம். மனித முகத்தில் அந்தச் சேர்மானம் உடனே பொம்மை போலத் தெரிந்துவிடும். மனிதன் தன் துயரத்தைச் சொல்லும்போது அதே வசனத்தை இன்னொருவன் வாயிலும் கேட்டால் மொத்தமும் பொய்யாகிவிடும். இன்னொன்று, தோல்வி. மோர்டோர் கேம்களில் நாம் ஆடும் வீரன் டாலியன் ஏற்கெனவே செத்தவன், ஓர் ஆவியோடு பிணைக்கப்பட்டவன். எத்தனை முறை செத்தாலும் கதைக்குள் அதற்கு விளக்கம் உண்டு. எதிரி கேப்டனாக வேண்டுமென்றால் நாம் தோற்க வேண்டும். டயானா தெருவில் ஒருவனிடம் தோற்றால் அவள் எப்படி வொண்டர் வுமன்? எதிரிகள் புராண மிருகங்களாகவும் தெய்வ அருள் பெற்றவர்களாகவும் இருந்திருந்தால் இதற்கு வழி கிடைத்திருக்கும். ஆனால் அதைக் கண்டுபிடிக்க நெமசிஸை உள்ளும் புறமும் தெரிந்த ஆட்கள் வேண்டும்.

அந்த ஆட்கள் போய்விட்டார்கள், அதுவும் டீசர் வெளிவருவதற்கு முன்பே. ஸ்டுடியோ தலைவராக இருந்த கெவின் ஸ்டீஃபன்ஸ் 2021இல் ஈஏ (எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ்) என்ற இன்னொரு கேம் நிறுவனத்துக்குப் போனார். மோர்டோர் கேம்களின் வடிவமைப்பை வழிநடத்திய மைக்கேல் டி பிளேட்டரும் அங்கே போனார். அதே ஆண்டு பிப்ரவரியில்தான் நெமசிஸுக்கு வார்னர் காப்புரிமை பெற்றிருந்தது. அது 2036 வரை செல்லும். ஆக, உரிமை ஒரு இடத்தில், செய்யத் தெரிந்தவர்கள் இன்னொரு இடத்தில். நான் பார்த்தவரை கேம் சறுக்க ஆரம்பித்தது இங்கேதான்.

அதற்குப் பிறகு நடந்தது ப்ளூம்பெர்க் செய்திகள் வழியாகத் தெரிந்தது. 2024 தொடக்கத்தில் இயக்குநரை மாற்றி, வேலையை ஏறத்தாழ முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறார்கள். நெமசிஸ் பாணியைக் கைவிட்டு வழக்கமான ஆக்‌ஷன் கேமாக மாற்றியதாகவும் செய்தி வந்தது. செலவு 10 கோடி டாலரைத் தாண்டியும் வெளியீட்டுக்கு இன்னும் வருடங்கள் இருந்தன. அதே 2024இல் வார்னரின் ‘சூசைட் ஸ்குவாட்’ கேம் 20 கோடி டாலர் நஷ்டம். 2025 பிப்ரவரி 25 அன்று வொண்டர் வுமன் ரத்து என்று அறிவித்தார்கள். மோனோலித்தையும் இன்னும் இரண்டு ஸ்டுடியோக்களையும் ஒரே நாளில் மூடினார்கள்.

அன்று கையில் இருந்த கேமை மட்டும் வைத்துப் பார்த்தால் நிறுத்தியது புரிகிறது. நெமசிஸ் இல்லாத வொண்டர் வுமன் இன்னொரு நல்ல ஆக்‌ஷன் கேமாக வந்திருக்கலாம், அவ்வளவுதான். ஸ்டுடியோவை மூடியதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. 1994இல் தொடங்கிய நிறுவனம் அது. ‘பிளட்’, ‘நோ ஒன் லிவ்ஸ் ஃபாரெவர்’, ‘ஃபியர்’ எல்லாம் அவர்கள் செய்தவை. முப்பது வருடமாகப் புதிதாக எதையாவது முயன்றுகொண்டே இருந்தவர்களுக்கு ஒரு கேம் கைகூடவில்லை என்றால் அடுத்ததைக் கொடுத்திருக்க வேண்டும்.

ஈஏவுக்குப் போனவர்கள் கதை இன்னும் வருத்தமானது. அங்கே கிளிஃப்ஹேங்கர் கேம்ஸ் என்ற ஸ்டுடியோவை ஆரம்பித்து பிளாக் பேந்தர் கேம் செய்வதாக 2023இல் அறிவித்தார்கள். 2025 மே மாதம் அதுவும் ரத்து, அந்த ஸ்டுடியோவும் மூடல். மோர்டோரைத் தந்த அணி இரண்டாகப் பிரிந்து இரண்டு சூப்பர்ஹீரோக்களை எடுத்தது. மூன்று மாத இடைவெளியில் இரண்டு கேம்களும் இல்லாமல் போயின.

அந்த கேம் எப்படி இருந்திருக்கும் என்று ஓரளவாவது உணர வேண்டுமென்றால் ‘ஷேடோ ஆஃப் வார்’ விளையாடுங்கள். வெளிவந்த புதிதில் பணம் பிடுங்கிய லூட் பாக்ஸ்களை (உள்ளே என்ன இருக்கும் என்று தெரியாமல் காசு கொடுத்து வாங்கும் பெட்டிகள்) 2018இலேயே எடுத்துவிட்டார்கள், பயப்பட வேண்டாம். முதல் சில கேப்டன்களிடம் தோற்றால் கவலைப்படாமல் தொடருங்கள், அவர்கள் வளரட்டும். அப்புறம், என்ன ஆனாலும் ஒரே ஆளைத் திரும்பத் திரும்ப அவமானப்படுத்தி அனுப்பாதீர்கள்.