நான்கு நிமிட ஏவி

கேள்வி: என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. ஒரு டிவி பாட்டுப் போட்டியில் தேர்வானாள். அவர்கள் 'ஏவி' என்று சொல்லும் அறிமுக வீடியோ எடுக்க வீட்டுக்கு வந்தார்கள். என் கணவர் இஸ்திரிக் கடை வைத்திருக்கிறார். மூன்று வருடமாக கேஸ் பெட்டியில்தான் தேய்க்கிறார். பரணில் கிடந்த பழைய கரிப்பெட்டியை இறக்கி, கங்கை ஊதச் சொல்லிப் படம் பிடித்தார்கள். இறந்துபோன என் அம்மாவைப் பற்றி நான் அழும்வரை கேட்டார்கள். ஆறாவது வாரம் மகள் வெளியேறிவிட்டாள். இப்போது, வெளியேறியவர்களுக்கு மறுவாய்ப்பு தரும் வைல்டு கார்டு சுற்றுக்குக் கூப்பிடுகிறார்கள். "அப்பா மேடைக்கு வந்து அழுதா நான் ஜெயிச்சிடுவேன்மா" என்கிறாள். யாரைப் பார்த்தாலும் "ரொம்பக் கஷ்டப்பட்டு வந்த இஸ்திரிக் கடைக்காரர் பொண்ணு" என்றுதான் தன்னைச் சொல்லிக்கொள்கிறாள். கடைக்கு வருகிறவர்கள் பாவம் பார்த்துப் பத்து ரூபாய் கூடக் கொடுக்கிறார்கள். என் கணவர் கூனிக் குறுகிப்போகிறார். நாங்கள் பொய் சொல்லிவிட்டோமா? அவளை அனுப்பலாமா?
- வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: அன்புச் சகோதரி, நீங்கள் பொய் சொல்லவில்லை. கரிப்பெட்டி உங்கள் வீட்டுப் பெட்டிதான், அம்மாவுக்காக வந்த கண்ணீரும் உங்களுடையதுதான். அந்த வீடியோவைப் பார்த்து "இது நாங்கள் இல்லை" என்று உங்களால் சொல்ல முடியாமல் போவது அதனால்தான். எல்லாத் துண்டுகளும் நிஜம். எதை முன்னால் வைப்பது, எதை விடுவது, எந்த இடத்தில் வயலின் இசையைச் சேர்ப்பது என்று முடிவு செய்தது மட்டும் வேறு யாரோ.

ஒருமுறை இப்படி ஒரு போட்டியின் ஒளிப்பதிவுக்குப் பார்வையாளராகப் போயிருந்தேன். ஒருவர்கூடப் பாடத் தொடங்கும் முன்பே எங்களைக் கைதட்டச் சொன்னார்கள், எழுந்து நிற்கச் சொன்னார்கள், கண்ணைத் துடைக்கச் சொன்னார்கள். எல்லாவற்றையும் கேமரா எடுத்துக்கொண்டது. ஒளிபரப்பில் பார்த்தால், நான் உட்கார்ந்தபடியே கேட்ட ஒரு பையனின் பாட்டுக்கு எழுந்து நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன். அந்தப் பையன் அதைப் பார்த்துத் தன்னைப் பற்றி என்ன நினைத்திருப்பான் என்று இன்றைக்கும் யோசிப்பேன்.

இது நம் ஊரில் மட்டும் நடப்பதில்லை. 2009-ல் 'பிரிட்டன்ஸ் காட் டேலண்ட்' என்ற பிரிட்டன் டிவி திறமைப் போட்டி மேடையில் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த சூசன் பாயில் பாடியதை உலகமே பார்த்தது. 47 வயது, எளிய உடை, கலைந்த முடி. அவர் வாயைத் திறக்கும்வரை கேலிப் பார்வைகள், திறந்த பிறகு அதிர்ச்சி முகங்கள். ஆனால் நடுவர்கள் முன்னால் வருவதற்கு முன்பே நிகழ்ச்சித் தயாரிப்புக் குழு அவரைப் பாடவைத்துத் தேர்ந்தெடுத்திருந்தது. 1999-லேயே ஒரு அறக்கொடை இசைத்தட்டில் அவர் பாட்டு வந்திருந்தது. தயாரித்தவர்களுக்குத் தெரிந்திருந்த அந்தக் குரல், பார்க்கிறவர்களுக்கு எங்கிருந்தோ குதித்த அதிசயமாகக் காட்டப்பட்டது. இறுதிப் போட்டியில் இரண்டாம் இடம். மறுநாளே சோர்வு தாங்காமல் மருத்துவமனையில் சேர்ந்தார். அவருடைய இசைத்தட்டுகள் பிறகு லட்சக்கணக்கில் விற்றன, அதையும் சொல்ல வேண்டும். ஆனால் அந்த ஏழு வாரங்களில் அவர் மனம் பட்ட பாட்டை யாரும் ஒளிபரப்பவில்லை.

இந்தியாவிலும் உள்ளே இருந்தவர்களே பேசியிருக்கிறார்கள். 2021-ல் 'இந்தியன் ஐடல்' என்ற இந்திப் பாட்டுப் போட்டி நிகழ்ச்சிக்கு விருந்தினராகப் போன பாடகர் அமித் குமார், எல்லோரையும் பாராட்டும்படி தன்னிடம் கேட்டுக்கொண்டதாக வெளிப்படையாகச் சொன்னார். அதன் முதல் சீசனில் வென்ற அபிஜீத் சாவந்த், இப்போதெல்லாம் திறமையைவிட ஒருவர் எவ்வளவு ஏழை என்பதில்தான் ஆர்வம் காட்டுகிறார்கள் என்று அதே ஆண்டில் வருத்தப்பட்டார்.

சரி, உங்கள் மகளுக்கு வருவோம். "அப்பா அழுதா ஜெயிச்சிடுவேன்" என்று அவள் சொன்னது உங்களைச் சுட்டிருக்கும். தயவுசெய்து அவளைத் திட்டாதீர்கள். அவள் கெட்டிக்காரி. எந்த வாரம் தன்னைப் பற்றி அதிகம் பேசினார்கள், எந்த வாரம் வெறும் பாட்டோடு அனுப்பினார்கள் என்று கவனித்திருக்கிறாள். தன் பிருகா, அதாவது வேகமாக உருளும் சுரங்கள், எவ்வளவு சுத்தமாக விழுந்தது என்பதைவிட அப்பாவின் கரிப்பெட்டி பற்றித்தான் நடுவர்கள் அதிகம் பேசியிருப்பார்கள். பன்னிரண்டு வயதில் உலகம் எதற்குக் கைதட்டுகிறதோ அதையே 'நான்' என்று எடுத்துக்கொள்வது இயல்பு. பெரியவர்களே அப்படித்தான் இருக்கிறோம்.

அதனால் முதல் வேலை, ஏவி எடுத்த அந்த நாளை அவளோடு உட்கார்ந்து முழுதாக நினைவுபடுத்துவது. காலையில் எத்தனை மணிக்கு வந்தார்கள்? அப்பா எத்தனை தடவை கங்கை ஊதினார்? நடுவில் யார் சிரித்தது? மதியம் என்ன சாப்பிட்டீர்கள்? திரையில் வந்தது நான்கு நிமிடம் இருந்தால் அதிகம். மீதி நாள் முழுக்க அவளிடமும் உங்களிடமும்தான் இருக்கிறது. "பாட்டியைப் பத்தி அம்மாகிட்ட ஏன் திரும்பத் திரும்பக் கேட்டாங்க?" என்று அவளிடமே கேளுங்கள். பதிலை அவளே கண்டுபிடிப்பாள். அப்புறம் பாட்டைப் பற்றிப் பேசுங்கள். எந்தச் சங்கதி (ஒரே வரியை மெருகேற்றி மாற்றிப் பாடும் விதம்) அவளுக்கு வரவே மாட்டேன் என்றது, எப்படிப் பிடித்தாள், யார் சொல்லிக்கொடுத்தது. அவளுடைய பாட்டு வளர்ந்த கதையை அந்த ஏவி தொடவே இல்லை.

அனுப்பலாமா என்றால், முதலில் அவளைத் தனியாகக் கேளுங்கள். உங்கள் முகத்தைப் பார்க்காமல் சொல்லட்டும். வேண்டாம் என்றால் அத்தோடு விட்டுவிடுங்கள். பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளையை அதன் விருப்பத்துக்கு எதிராகப் பங்கேற்க வைக்கக்கூடாது என்று, 2017-ல் திருத்தப்பட்ட மத்திய அரசின் குழந்தைத் தொழிலாளர் விதிகளே சொல்கின்றன. ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது, ஓய்வில்லாமல் தொடர்ந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது. மாவட்ட ஆட்சியரின் அனுமதியைத் தயாரிப்பாளர் வாங்கியிருக்க வேண்டும். வருமானம் வந்தால் குறைந்தது 20 சதவீதம் பிள்ளையின் பெயரில் வங்கி வைப்புநிதியாகப் போட வேண்டும். தொலைபேசியில் கூப்பிடுகிறவரிடம் இதையெல்லாம் கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சமே வேண்டாம்.

போக வேண்டும் என்று அவள் சொன்னால், நீங்கள் இரண்டு விஷயத்தை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: அப்பா மேடைக்கு வந்து அழமாட்டார், மறுபடி கடையைப் படம் எடுப்பதானால் கேஸ் பெட்டியோடுதான். கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தத்தை விவரம் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். எடுத்த காட்சியை எப்படி வேண்டுமானாலும் வெட்டிச் சேர்க்கும் உரிமை பொதுவாக அதில் அவர்கள் பக்கம்தான் இருக்கும். நீங்கள் சொன்ன இரண்டுக்கும் ஒத்துக்கொள்ளாவிட்டால் அனுப்பாதீர்கள் என்பதே என் கருத்து. வாய்ப்பு போகிறதே என்று எனக்கும் வலிக்கத்தான் செய்கிறது. ஆனாலும் அனுப்பாதீர்கள்.

உங்கள் கணவருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அடுத்த முறை யாராவது பத்து ரூபாய் கூடக் கொடுத்தால், "சட்டைக்கு இவ்வளவுதாங்க" என்று மீதியைத் திருப்பிக் கொடுக்கட்டும். மகள் கடையில் இருக்கும் நேரமாகப் பார்த்து.