கரும்புள்ளியும் தாது வருஷப் பஞ்சமும்

கேள்வி: சூரியனில் கரும்புள்ளிகள் கூடிக் குறைவதால்தான் பூமி சூடாகிறதாமே? அந்தக் காலத்துப் பஞ்சம்கூட அதனால் வந்ததுதான் என்கிறார் எங்கள் ஊர்ப் பெரியவர். (வாசகர், காங்கேயம்)

பதில்: பஞ்சத்தை இழுத்துவிட்டீர்கள், அங்கிருந்தே வருகிறேன். 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை மாகாணமே செத்துக்கொண்டிருந்தது. கோவை, சேலம் ஜில்லாக்களும் தப்பவில்லை. 1877இல் ஹண்டர் என்ற வெள்ளைக்கார அதிகாரி சென்னையின் மழைக்கணக்கையும், சூரியன் முகத்தில் கறுப்பாகத் தெரியும் சற்றே வெப்பம் குறைந்த இடங்களான கரும்புள்ளிகளின் கணக்கையும் ஒப்பிட்டு, புள்ளி குறைந்தால் மழை குறையும், பஞ்சம் வரும் என்று எழுதினார். அதே வருஷம், பஞ்ச நிவாரணத்தைப் பார்க்க அரசு அனுப்பிய அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலைக்கு வந்தவர்களின் தினக்கூலியை ஒரு பவுண்டு தானியமும் சில்லறைக் காசும் என்று குறைத்தார். ஒரு பவுண்டு என்றால் அரைக் கிலோகூட இல்லை. நாள் முழுக்க மண் சுமந்தவனுக்கு அதுதான் கூலி! தானிய ஏற்றுமதியையும் அப்போதைய வைஸ்ராய் லிட்டன் பிரபு நிறுத்தவில்லை. இதில் சூரியன் செய்த குற்றம் என்ன? இந்தப் பக்கத்தில் இதைப் பலமுறை எழுதிவிட்டேன், இன்னும் எழுதுவேன்.

அந்த ஆராய்ச்சி ஆசையில் நமக்கு ஒன்று மிஞ்சியது. பழனி மலைமேல் கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1899இல் வந்தது. கரும்புள்ளியிலிருந்து வாயு வெளிப்பக்கமாகப் பாய்வதை எவர்ஷெட் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி 1909இல் கண்டுபிடித்தது அங்கேதான். கொடைக்கானல் போகிறவர்கள் படகு விட்டதோடு திரும்பிவிடாமல் அதையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

சரி, உங்கள் கேள்வி. சுமார் 11 வருஷத்துக்கு ஒருமுறை புள்ளிகள் கூடிக் குறைகின்றன. அதனால் சூரியனிடமிருந்து நமக்கு வரும் ஆற்றல் மாறுவது ஆயிரத்தில் ஒரு பங்கு. பூமியில் அதன் தடம் உண்டு, ஆனால் சின்னது. கடந்த நாற்பது வருஷமாகச் சூரியனிடமிருந்து வரும் ஆற்றல் ஏறவில்லை. வெப்பம் ஏறிக்கொண்டே போகிறது. சூரியன்தான் காரணம் என்றால் வளிமண்டலத்தின் மேலடுக்கும் சூடாகியிருக்க வேண்டும். அது குளிர்கிறது! கீழே நாம் விட்ட புகையிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடு வெப்பத்தைப் பிடித்து வைத்திருப்பதன் அடையாளம் அது. தொழிற்சாலைகள் பெருகுவதற்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்காக இருந்த கார்பன் டை ஆக்சைடு இன்று 420ஐத் தாண்டிவிட்டது.

பெரியவரிடம் இன்னொன்றும் கேளுங்கள். ஆயிரம் அடி போர் போட்டும் புழுதி பறக்கிறதே, அதுவும் கரும்புள்ளியின் வேலையா? உங்கள் ஊர்க் குளம் கடைசியாக எப்போது தூர் வாரப்பட்டது, வாய்க்காலை மறித்துக் கட்டடம் கட்டியது யார்? விசாரித்து எழுதுங்கள், அடுத்த இதழிலேயே போடுகிறேன்.