எல்ஃபின் 700 ஆண்டுகளும் முதல் லெவலும்

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதாபாத்திர விளையாட்டில், 700 ஆண்டு வாழும் எல்ஃப் (மனிதரை ஒத்த கற்பனை இனத்தவர்), 20 வயது மனிதரைப் போலவே ஏன் முதல் லெவலில் தொடங்க வேண்டும் என்று சேலத்தில் எங்களோடு விளையாடும் நண்பர் கேட்டிருக்கிறார்.

இந்த விளையாட்டில் லெவல் என்பது வாழ்ந்த ஆண்டுகளின் கணக்கு அன்று. ஆபத்துகளைக் கடந்து ஈட்டும் அனுபவத்தின் கணக்கு. 1978ஆம் ஆண்டு விதிநூல், மனிதரல்லாதோர் பெரும்பாலான வகுப்புகளில் (போர்வீரர், மந்திரவாதி போன்ற பாத்திர வகைகளில்) எட்டக்கூடிய லெவலுக்கு உச்சவரம்பு விதித்தது. 2000இல் வந்த மூன்றாம் பதிப்பு அதை நீக்கியது (நல்லதே செய்தது என்பேன்).

நீண்ட ஆயுளை வலிமையாக அல்லாமல் நினைவாகக் கொள்ளுங்கள். ஏற்காட்டைக் கதைக்களமாக்கினால், 1820களில் கலெக்டர் காக்பர்ன் அங்கே காப்பியை அறிமுகப்படுத்தியதைச் சிறுவயதில் கண்ட எல்ஃப் இன்றும் இளைஞர்தான். எந்தப் பழைய தடம் எந்தத் தோட்டத்துக்குள் மறைந்தது என்பதை அவர் அறிவார், ஆனால் அதனாலேயே அவருக்கு வாள்வீச்சும் கைவந்திருக்க வேண்டும் என்பதில்லை.