ஓடவிட்டும் அடங்காத நாய்: மூக்குக்கும் வாய்க்கும் வேலை கொடுங்கள்

கேள்வி: திருகோணமலை பாலையூற்றில் இருக்கிறோம். 2 வயது லாப்ரடோர் கலப்பு ஆண் நாய் வளர்க்கிறோம். நானும் கணவரும் வேலைக்குப் போவதால் காலை 7.30 தொடக்கம் பின்னேரம் 4.30 வரை வளவுக்குள் தனியே நிற்கும். விடிய அரை மணி நேரம் கடற்கரையில் ஓடவிட்டுத்தான் போகிறோம். அப்படியும் செருப்பைக் கடிக்கிறது, பூமரத்தடியைக் கிண்டுகிறது, தெருவில் யார் போனாலும் கேற்றடியில் நின்று குரைக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: ஓட்டத்தைக் கூட்டாதீர்கள். தினமும் கூட்டிக்கொண்டே போனால் இன்னும் அதிகம் ஓடக்கூடிய நாய்தான் கிடைக்கும். மோந்து தேடுவது, கிழிப்பது, மெல்லுவது, நக்குவது, கிண்டுவது எல்லாம் நாயின் பிறவிக்குணங்கள். அவற்றுக்கு நாம் இடம் கொடுக்காவிட்டால் அகப்பட்டது செருப்பும் பூமரமும்தான்.

முதலில் மாற்றவேண்டியது சாப்பாட்டுக் கோப்பை. ஒரு நாளைய அளவைக் கூட்டாமல், அதையே தேடித் தின்னக் கொடுங்கள். கடையில் வாங்கும் உலர் தீன் என்றால், காலைப் பங்கை நிழலான இடத்தில், முதல் நாள் 1 சதுர மீற்றருக்குள் தூவிவிடுங்கள். ஒரு கிழமையில் வளவின் பாதி வரை விரிக்கலாம். நீங்கள் நிற்கும்போதே தின்று முடிக்கட்டும். மிஞ்சினால் எறும்பு மொய்க்கும்.

இன்னொரு நாளைக்குப் பழைய சாரத்தை விரித்து, 10 தீன் உருண்டைகளை இடைவெளிவிட்டு வைத்துத் தளர்வாகச் சுருட்டுங்கள். அது பழகியபின் ஒரு முடிச்சு, பிறகு இரண்டு. பலர் பிழைவிடுவது இங்கேதான். முதல் நாளே இறுக்கிக் கட்டினால் நாய் ஒன்றில் கைவிட்டுப் போகும், அல்லது துணியைக் கிழித்து விழுங்கும். முதல் தடவை 2 நிமிடத்தில் முடியவேண்டும். முடிந்ததும் சாரத்தை எடுத்துவிடுங்கள்.

சோறு கொடுக்கும் வீடுகளில் தூவ முடியாது. முள் நீக்கிய மீனைச் சோற்றோடு பிசைந்து, கனமான எவர்சில்வர் கிண்ணத்தில் 3 செ.மீ. உயரத்துக்கு அழுத்தி, இரவு பிரீசரில் வையுங்கள். காலையில் எடுத்து 10 நிமிடம் கழித்து, நீங்கள் புறப்படும்போது கொடுங்கள். நக்கி நக்கித் தின்னும்போது நாய் தானாக அமைதிப்படும். கறிச்சட்டி வழித்த சோறு வேண்டாம். வெங்காயமும் உள்ளியும் நாயின் சிவப்பு இரத்த அணுக்களை அழிக்கும். சிரட்டையில் வைப்பவர்களும் உண்டு. லாப்ரடோரின் தாடைக்குச் சிரட்டை உடையும், துண்டு குடலைக் கிழிக்கும். பொச்சுமட்டையும் அப்படித்தான்: தும்பை விழுங்கினால் குடல் அடைக்கும். சமைத்த எலும்பைத் தொடவே விடாதீர்கள், அது ஊசியாகச் சிதறும்.

கிண்டுவதைத் தடுக்க முடியாது, இடம் மாற்றலாம். மரநிழலில் 1 மீற்றர் அகலம், 1.5 மீற்றர் நீளம், 40 செ.மீ. ஆழத்தில் குழி வெட்டி, நான்கு பக்கமும் பனங்குற்றி வைத்து ஆற்றுமணல் நிரப்புங்கள். முதலில் விருப்பமான சாமான் மூன்றைப் பாதி வெளியே தெரியப் புதையுங்கள், பிறகு முழுதாக. பூமரத்தடியில் கிண்டினால் ஏசாமல் குழிக்குக் கூட்டிப்போங்கள். மாரியில் குழி குளமாகும், தகரத்தால் மூடிவிடுங்கள்.

கேற் விடயம் வேறு. ஆள் வருகிறார், நாய் குரைக்கிறது, ஆள் போய்விடுகிறார். தான் குரைத்ததால்தான் போனார் என்று நாய் நம்புகிறது, ஒவ்வொரு நாளும் அந்தப் பாடம் உறுதியாகிறது. கேற்றின் கீழ் 1 மீற்றரைக் கிடுகால் அடைத்துப் பார்வையை மறையுங்கள்.

அந்த அரை மணி நேரக் கடற்கரை நடையில் 15 நிமிடத்தை மோப்பத்துக்கு விடுங்கள். நெஞ்சுப்பட்டியில் 3 மீற்றர் கயிறு, போகும் வழியை நாயே தீர்மானிக்கட்டும். கரைவலை இழுத்த இடங்களில் கயிற்றைக் குறுக்கிப் பிடியுங்கள்: வலையிலிருந்து கழித்துப் போடும் பேத்தை மீன் நாயைக் கொல்லும். கடல்நீர் குடித்தால் வாந்தியும் கழிச்சலும் வரும், போத்தலில் நல்ல தண்ணீர் கொண்டுபோங்கள். கச்சான் வீசும் மாதங்களில் வெயில் ஏறுமுன் திரும்புங்கள். புறங்கையை 7 விநாடி மணலில் வைக்க முடியாவிட்டால் அதன் பாதமும் தாங்காது. கோட்டைப் பக்கம் போனால் மான்கள் திரிவதால் கயிற்றைக் கழற்றவே வேண்டாம்.

நீங்கள் இல்லாத 9 மணி நேரம் முழுவதையும் நிரப்பத் தேவையில்லை. வளர்ந்த நாய் பகலில் பெரும்பாலும் படுத்துத்தான் கிடக்கும். ஆனால் ஒன்றைச் சரிபாருங்கள். பழைய போன் ஒன்றில் நீங்கள் புறப்பட்ட முதல் அரை மணி நேரத்தைப் பதிவு செய்யுங்கள். கிண்ணத்தைத் தொடாமல் ஊளையிட்டு, எச்சில் வடித்து, கதவைப் பிறாண்டினால் அது சலிப்பல்ல, தனிமைப் பயம். அதற்கு இந்த விளையாட்டுகள் போதாது. அந்தப் பதிவை மிருக வைத்தியரிடம் காட்டுங்கள்.