அல்ட்ராசென்ட்ரிஃபியூஜ் இல்லாமல், ஃபில்டரை மட்டும் வைத்து எக்ஸோசோம் பிரித்தெடுக்க முடியுமா?

முடியும். அதிவேகத்தில் சுற்றிப் பிரிக்கும் அந்தக் கருவி இல்லாமலே, செல் வளர்க்கும் ஊடகத்திலிருந்து, அதாவது செல்கள் வளரும் சத்துத் திரவத்திலிருந்து, எடுப்பதென்றால் நன்றாகவே முடியும். முனைவர் பட்ட ஆய்வில் மூன்று ஆண்டுகள் நான் அப்படித்தான் எடுத்தேன். ஆனால் கேள்வியில் ‘மட்டும்’ என்று போட்டிருக்கிறீர்கள் அல்லவா, அந்தச் சொல்தான் என்னை நீளமாக எழுத வைக்கிறது.

எக்ஸோசோம் என்பது செல் வெளியே விடுகிற, கொழுப்புச் சவ்வு மூடிய ஒரு நுண்பை. ஏறத்தாழ 30 முதல் 150 நானோமீட்டர் வரை இருக்கும். 1983-ல் மான்ட்ரியாலில் ரோஸ் ஜான்ஸ்டோன் குழுவும் செயின்ட் லூயிஸில் பிலிப் ஸ்டால் குழுவும் முதிர்ந்துவரும் சிவப்பணுக்களில் இதைக் கண்டன. செல் தனக்கு வேண்டாததைக் கழிக்கும் வழி இது என்ற எண்ணமே வெகுகாலம் இருந்தது. 2007-ல் ஸ்வீடனில் ஒரு குழு இதற்குள் ஆர்.என்.ஏ. இருப்பதையும், அது இன்னொரு செல்லுக்குப் போய்ச் சேருவதையும் காட்டிய பிறகுதான் உலகமே இதன் பின்னால் ஓடத் தொடங்கியது.

ஃபில்டருக்கு இந்தக் கதையெல்லாம் தெரியாது. அதற்குத் தெரிந்தது அளவு ஒன்றுதான். அதே பருமனில் எது வந்தாலும் எக்ஸோசோமோடு சேர்த்துப் பிடித்து வைக்கும்.

இதை நான் கற்றுக்கொள்ள நான்கு மாதம் ஆனது. 50 மி.லி. ஊடகம் எடுத்தேன். 300 ஜி-யில் (புவியீர்ப்பைப் போல் 300 மடங்கு விசையில்) 10 நிமிடம் சுற்றிச் செல்களை அகற்றினேன், 2,000 ஜி-யில் 20 நிமிடம் சுற்றிச் சிதைந்த துண்டுகளை அகற்றினேன். பிறகு 0.22 மைக்ரான் ஃபில்டர். கடைசியில் 100 கிலோடால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) ஸ்பின் ஃபில்டரில், அதாவது சுற்றும்போது திரவம் மெம்பிரேன் என்ற மெல்லிய சவ்வின் வழியே இறங்கும் குழாயில், அரை மி.லி.க்குச் சுருக்கினேன். துகள் எண்ணும் கருவியில் எண்ணிக்கை அள்ளிக்கொண்டு வந்தது. மகிழ்ச்சியோடு கைடிடம் காட்டினேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: “செல்லே போடாத ஊடகத்தையும் இதே வழியில ஓட்டிப் பார்த்தியாம்மா?”

ஓட்டிப் பார்த்தேன். கிட்டத்தட்ட அதே எண்ணிக்கை. ஊடகத்தில் கலந்திருந்த கன்றின் சீரத்தில் இருக்கும் மாட்டு நுண்பைகளைத்தான் அத்தனை நாளும் சேர்த்துக்கொண்டிருந்தேன். அதனால் முதல் வேலை இது: நுண்பை நீக்கிய சீரம் வாங்குங்கள், அல்லது செல்கள் தாங்குமென்றால் கடைசி 24 மணி நேரம் சீரமே இல்லாமல் வளருங்கள். எதைச் செய்தாலும், செல் போடாத ஊடகத்தைக் கட்டாயம் ஒவ்வொரு முறையும் கூடவே ஓட்டுங்கள்.

அடுத்தது சீரத்தில் நிறைந்திருக்கும் அல்புமின் என்ற புரதம். அதன் எடை 66 கிலோடால்டன். 100 கிலோடால்டன் மெம்பிரேனில் தாராளமாக இறங்கிவிட வேண்டும். இறங்காது. திரவம் சுருங்கச் சுருங்க மெம்பிரேன் மேல் புரதம் ஏடுபோல் படிகிறது. அதன்பின் உண்மையில் வடிகட்டுவது அந்த ஏடுதான். நீங்கள் காசு கொடுத்து வாங்கிய மெம்பிரேன் அதற்கு அடியில் சும்மா கிடக்கிறது.

மாவு சலிப்பவர்களுக்கு இது தெரியும். சல்லடையை ஆட்டாமல் வைத்து மாவைக் கொட்டினால் கண் அடைத்துக்கொள்ளும். ஆட்டிக்கொண்டே இருந்தால்தான் இறங்கும். டேன்ஜென்ஷியல் ஃப்ளோ என்ற முறை செய்வதும் அதுதான். திரவத்தை மெம்பிரேனுக்கு எதிரே அழுத்தாமல், அதன் மேல் வழித்துக்கொண்டு ஓடும்படி பம்ப் சுற்றிச் சுற்றி விடுகிறது. ஓடும் வேகத்தில் ஏடு படிய நேரமில்லை. நீரும் சிறு புரதங்களும் பக்கவாட்டில் வெளியேறும், நுண்பைகள் ஓட்டத்திலேயே நிற்கும். 300 அல்லது 500 கிலோடால்டன் மெம்பிரேன் இதற்குப் பொருத்தம். சுருக்கி முடித்ததும் நிறுத்திவிடாதீர்கள். வெளியேறும் அளவுக்கு ஈடாகப் புது பஃபரை (அமிலத்தன்மை மாறாத உப்புக் கரைசலை) விட்டுக்கொண்டே இருங்கள். அப்படிச் சுருங்கிய திரவத்தைப்போல் ஐந்து மடங்கு பஃபர் போனால், தடையின்றி இறங்கக்கூடிய புரதத்தில் 1 விழுக்காட்டுக்கும் குறைவாகத்தான் உள்ளே மிஞ்சும். பம்பை முடுக்கி விடாதீர்கள். அழுத்தம் கூடினால் மறுபடி ஏடு படியும், நுண்பையும் நசுங்கும்.

நசுங்குவது பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 0.22 மைக்ரான் சிரிஞ்ச் ஃபில்டரைக் கட்டைவிரலால் பலம் கொடுத்துத் தள்ளுபவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் பதறும். பெரிய கொழுப்புப் பையைச் சிறு துளை வழியே பலவந்தமாகத் தள்ளினால் அது உடைந்து சிறு பைகளாகும். லிப்போசோம் என்ற செயற்கைக் கொழுப்புப் பைகளைச் செய்பவர்கள் இதை வேண்டுமென்றே செய்கிறார்கள். உங்கள் மாதிரியில் அது நடந்தால், செல் விடாத ஒன்றை நீங்களே உண்டாக்கி அதற்கு எக்ஸோசோம் என்று பெயர் வைத்துவிடுவீர்கள்.

டேன்ஜென்ஷியல் கருவி இல்லையென்றாலும், 50, 100 மி.லி. அளவுக்கு ஸ்பின் ஃபில்டர் போதும். ரீஜெனரேட்டட் செல்லுலோஸ் மெம்பிரேன் வாங்குங்கள், ஒட்டல் குறைவு. ஒரே மூச்சாகச் சுற்றாமல் ஐந்தைந்து நிமிடமாகச் சுற்றி, இடையில் பிப்பெட்டால் மெம்பிரேனைக் கழுவிவிடுங்கள். வறண்டுபோக விடவே கூடாது.

இவ்வளவும் செய்த பிறகு கையில் இருப்பது சுருங்கிய திரவம்; சுத்தமான திரவம் அல்ல. இங்கேதான் அந்த ‘மட்டும்’ என்ற சொல்லை விட்டுவிடச் சொல்கிறேன். ஃபில்டர் சுருக்கட்டும், சுத்தம் செய்ய, துளையுள்ள மணிகளால் அளவுவாரியாகப் பிரிக்கும் சைஸ் எக்ஸ்க்ளூஷன் வரட்டும். 10 மி.லி. சிரிஞ்சின் அடியில் நைலான் துணி வைத்து செஃபரோஸ் சி.எல்-2பி மணிகளை நிரப்பினால் போதும், பெரிய செலவில்லை. மணிகளில் சந்து சந்தாகத் துளை இருக்கும். சிறு புரதங்கள் ஒவ்வொரு சந்திலும் புகுந்து சுற்றித் தாமதமாக வரும்; நுண்பைகள் பெரும்பாலும் நுழைய முடியாமல் நேர்வழியில் முந்தி வந்துவிடும். அரை மி.லி. மாதிரியை மேலே விட்டால், எங்கள் சிரிஞ்சில் முதல் 3 மி.லி. வெறும் பஃபர், அடுத்த இரண்டு மி.லி.யில் நுண்பைகள், அதன்பிறகு புரதக் கூட்டம்.

ஒவ்வொரு படியிலும் கீழே இறங்கியதை வீசிவிடாமல் அதிலும் துகள் எண்ணுங்கள். உள்ளே நின்றது, வெளியே போனது இரண்டையும் கூட்டினால் தொடக்கத் தொகை வராது. குறைவது மெம்பிரேனிலும் டியூப் சுவரிலும் ஒட்டிக்கொண்டது. எங்களுக்கு எந்தப் படியில் அதிகம் போகிறது என்று தெரிந்ததே இந்தக் கணக்கால்தான். பிறகு எக்ஸோசோமின் அடையாளப் புரதங்களான சி.டி.63, சி.டி.81, டி.எஸ்.ஜி.101 இருக்கிறதா, செல்லுக்குள்ளேயே தங்க வேண்டிய கால்நெக்ஸின் இல்லையா என்று, குறிப்பிட்ட புரதத்தைக் கண்டறியும் வெஸ்டர்ன் பிளாட் சோதனையில் பாருங்கள். இவ்வகை நுண்பைகளுக்கான பன்னாட்டு ஆய்வுச் சங்கத்தின் ‘மிசெவ் 2023’ வழிகாட்டி இதையெல்லாம் விரிவாகச் சொல்கிறது, இலவசமாகவே கிடைக்கும்.

உங்கள் மாதிரி ரத்தப் பிளாஸ்மா என்றால் மட்டும் என் பதில் வேறு. அங்கே வி.எல்.டி.எல்., கைலோமைக்ரான் போன்ற கொழுப்புத் துகள்கள் எக்ஸோசோம் அளவிலேயே இருக்கின்றன. அளவை மட்டும் பார்க்கும் எந்த ஃபில்டரும், எந்த மணியும் அவற்றை முழுதாகப் பிரிக்காது. வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்தால் கைலோமைக்ரான் குறையும், அவ்வளவுதான். அவை எக்ஸோசோமைவிட அடர்த்தி குறைந்தவை என்பதால் அடர்த்தியை வைத்துப் பிரிக்கலாம். மணி நிரப்பிய சிரிஞ்சில் சுத்தம் செய்த மாதிரியை எடுத்துக்கொண்டு அந்த ஒரு படிக்காவது, அல்ட்ராசென்ட்ரிஃபியூஜ் இருக்கும் பக்கத்து நிறுவனத்தில் ஒரு நாள் கேட்டு வாங்குங்கள்.